குழந்தைகளின் உடற்பருமன்: எடையைப் பார்ப்பதா, உடல் திறனைப் பார்ப்பதா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்படும் இந்த நாளில், நம் பிள்ளைகளின் உடல்நலக் கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நிர்வாகிகள் விரும்பினார்கள். அந்த விருப்பத்தின் பேரில் எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள், குழந்தைகளின் உடற்பருமன். இதைப் பற்றி ஊரில் பலரும் பேசுகிறோம். ஆனால் பேச்சு பெரும்பாலும் எடை மேடையோடு நின்றுவிடுகிறது. பருமனான பிள்ளையின் உடலுக்குள் கொழுப்பு எவ்வாறு சேர்கிறது, எவ்வாறு எரிகிறது, அதை எரிக்கும் திறனை எவ்வாறு வளர்ப்பது என்பவற்றைச் சற்று விளக்கமாகக் கூற அனுமதி வேண்டுகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 1990-ஆம் ஆண்டில் உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 8 பேர் கூடுதல் எடை உடையவர்களாக இருந்தனர். 2022-இல் அது நூற்றுக்கு 20 ஆகிவிட்டது. எண்ணிக்கையில் சொன்னால் 39 கோடிக்கும் மேல். அவர்களில் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்னும் நிலையை எட்டியவர்கள். நம் நாட்டில் 1990-இல் ஏறத்தாழ 4 லட்சமாக இருந்த பருமனான பிள்ளைகளின் எண்ணிக்கை, 2022-இல் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் என்று 2024-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று கணித்துள்ளது. வறுமையால் மெலிந்த பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டு துன்பங்களும் ஒரே தெருவில், சில நேரங்களில் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

'சின்னப் பிள்ளைதானே, வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சில பிள்ளைகளுக்கு அவ்வாறு சரியாகிவிடுவதும் உண்மையே. ஆனால் பத்து வயதைத் தாண்டியும் பருமனாகவே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பருமனான பெரியவர்களாகவே ஆகிறார்கள். நடுத்தர வயதினருக்கு உரியது என்று நாம் எண்ணியிருந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் வருகிறது. வந்தால், பெரியவர்களுக்கு முற்றுவதைவிட விரைவாக முற்றுகிறது. அமெரிக்காவில் இவ்வாறு சிறுவயதில் நோய் கண்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2021-இல் வெளியானது. நோய் கண்டறியப்பட்ட 15 ஆண்டுகளுக்குள், அதாவது முப்பது வயதை எட்டும் முன்பே, அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றில் ஒன்றிலேனும் பாதிப்பு தோன்றியிருந்தது. டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்டு பைத்துல்மாலுக்கு வரும் மனுக்களைப் பார்க்கும் நம் நிர்வாகிகளுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

கொழுப்பு என்னும் சேமிப்பு

கொழுப்பு நமக்குப் பகை அல்ல. உண்ட உணவில் அன்றைய தேவை போக எஞ்சியதை உடல் சேமித்து வைக்கும் களஞ்சியம் அது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோ கலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கிலோ கலோரி தரும். குறைந்த இடத்தில் நிறைந்த ஆற்றலைச் சேமிக்க இதைவிடச் சிறந்த வழி உடலுக்கு இல்லை. வளரும் பிள்ளைக்கு ஓரளவு கொழுப்பு தேவையே. களஞ்சியத்திற்குள் போய்க்கொண்டே இருந்து, வெளியே எடுக்கும் வேலை நின்றுபோனால்தான் தொல்லை.

வெளியே எடுக்கும் வேலையில் மூன்று படிகள் உண்டு. முதலில், கொழுப்புச் செல்லில் இருக்கும் கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் கலக்க வேண்டும். அடுத்து, இரத்த ஓட்டம் அவற்றைத் தசைகளுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இறுதியாக, தசைச் செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகளில் அவை ஆக்சிஜனுடன் கூடி எரிய வேண்டும். இம்மூன்றில் ஒரு படி தடைப்பட்டாலும் களஞ்சியம் குறையாது.

முதற்படிக்குப் பூட்டுப் போடுவது இன்சுலின். இனிப்பும் மாவும் உண்டவுடன் இரத்தத்தில் இன்சுலின் உயர்கிறது. அது உயர்ந்திருக்கும் வரை, 'சேமித்து வை, வெளியே எடுக்காதே' என்பதே கொழுப்புச் செல்லுக்கு இடப்படும் கட்டளை. காலை பிஸ்கட், இடைவேளையில் குளிர்பானம், மாலையில் மிட்டாய், இரவில் புரோட்டா என்று நாள் முழுவதும் வாய் அசைந்துகொண்டே இருக்கும் பிள்ளையின் உடலில் அந்தப் பூட்டு திறப்பதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் பொறுப்பு தசையைச் சார்ந்தது. அசையாத தசைக்கு இரத்தக் குழாய்களும் குறைவு, அடுப்புகளும் குறைவு. எரிக்க ஆளில்லாத கொழுப்பு, சேரக் கூடாத இடங்களில் போய்ச் சேருகிறது. கல்லீரலிலும் தசைக்குள்ளும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் படிகிறது. அவ்வாறு படிந்த கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. வேலை நடக்காததால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் கூடக்கூடக் கொழுப்பின் பூட்டு மேலும் இறுகுகிறது. இந்தச் சுழற்சிதான் ஒரு கட்டத்தில் சர்க்கரை நோயாக வெளிப்படுகிறது.

இச்சுழற்சியை உடைக்கும் எளிய வழி தசையை அசைப்பதே. ஓடியாடும் தசை, இன்சுலினின் துணை இல்லாமலேயே இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் ஆற்றல் பெற்றது. தொடர்ந்து சில வாரங்கள் ஓடியாடினால் தசையில் அடுப்புகள் பெருகுகின்றன, நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உடல் திறன் என்று நாம் சொல்வதன் உட்பொருள் இதுவே.

சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

பருமனான பிள்ளை நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறான். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வருகிறான். உடனே 'சோம்பேறி' என்றும் 'தின்பதற்கு மட்டும்தான் லாயக்கு' என்றும் பட்டம் சூட்டிவிடுகிறோம். மருத்துவ ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஒரு பிள்ளையின் உடல் உச்ச அளவாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே இதயத்திற்கும் நுரையீரலுக்குமான அளவுகோல். இதை மொத்த எடையால் வகுத்துப் பார்த்தால் பருமனான பிள்ளை பின்தங்கியே தெரிவான். கொழுப்பைக் கழித்துவிட்டு, தசை முதலிய கொழுப்பில்லா நிறையோடு ஒப்பிட்டால், மெலிந்த பிள்ளைக்கும் அவனுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று 2000-ஆம் ஆண்டளவிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

மாட்டில் குறையில்லை, வண்டியில் பாரம் அதிகம். இருபது கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மற்றவர்களோடு ஓடச் சொன்னால் நம்மில் யார் முதலில் வருவோம்? எனவே, மெலிந்த பிள்ளைகளுடன் ஓடவிட்டுத் தோற்கடித்து அவனை விளையாட்டையே வெறுக்கச் செய்வதைவிட, அவன் எடையைத் தாங்கிக்கொள்ளும் விளையாட்டுகளில் தொடங்குவது நல்லது. மிதிவண்டியில் எடையை இருக்கை தாங்குகிறது. நீச்சலில் நீர் தாங்குகிறது. வேக நடையில் முழங்காலுக்கு அடி குறைவு. பளு தூக்கித் தள்ளும் விளையாட்டுகளில் அவனே முதல்வனாக வருவதும் உண்டு. வெற்றியின் சுவையை ஒருமுறை அறிந்த பிள்ளையை மறுநாள் யாரும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

எவ்வளவு வேகம்?

கொழுப்பு எந்த வேகத்தில் நன்றாக எரிகிறது என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஓய்விலும் மெதுவான அசைவிலும் உடல் பெரும்பாலும் கொழுப்பையே எரிக்கிறது. வேகம் கூடக்கூட, விரைவில் பற்றிக்கொள்ளும் மாவுச்சத்தின் பங்கு உயர்ந்து கொழுப்பின் பங்கு குறைகிறது. இந்த மாற்றம் நிகழும் இடத்தை 1994-இல் ஜார்ஜ் புரூக்ஸ், ஜாக் மெர்சியே என்னும் இரு அறிஞர்கள் விளக்கிக் காட்டினார்கள். பயிற்சி பெற்ற உடலில் அந்த இடம் தள்ளிப்போகிறது. அதாவது, முன்னைவிட வேகமாக ஓடும்போதும் கொழுப்பை எரிக்க முடிகிறது. பருமனான இளையோரிடம் பிரான்சு நாட்டில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், இரண்டு மாதப் பயிற்சியும் உணவு ஒழுங்கும் சேர்ந்தபோது கொழுப்பை எரிக்கும் திறன் கூடியது கண்டறியப்பட்டது.

இதற்குக் கருவி ஏதும் தேவையில்லை. நடக்கும்போதோ விளையாடும்போதோ பிள்ளையால் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுவே நடுத்தர வேகம். தொடக்க வாரங்களுக்கு அது போதும். பின்னர் இடையிடையே மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் நடுத்தர வேகத்திலும் அதற்கு மேலும் உடலை அசைக்க வேண்டும். வாரத்தில் 3 நாளேனும் கடுமையான ஓட்டமும் தசையை வலுவாக்கும் பயிற்சியும் அதில் இடம்பெற வேண்டும் என்பது 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறி. அறுபது நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டுமென்பதில்லை. பள்ளிக்கு நடந்து போய் வருவதும் கணக்கில் சேரும்.

வியர்வையைப் பற்றியும் ஒரு சொல். வியர்த்தால் கொழுப்பு கரைகிறது என்று எண்ணி, வெயிலில் ஓடவிடுவதும் வயிற்றில் இறுக்கமான பட்டை கட்டிவிடுவதும் சில வீடுகளில் நடக்கிறது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சுக் காற்றில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது என்று 2014-இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். கொழுப்பு பெரும்பகுதி மூச்சு வழியே போகிறது. பட்டை கட்டிச் சிந்தும் வியர்வை வெறும் தண்ணீரும் உப்புமே. ஒரு குவளை நீர் அருந்தினால் அந்த எடை திரும்பிவிடும்.

அகஸ்டா நகரத்துப் பிள்ளைகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்றொரு நகரம். அங்கே கேத்தரின் டேவிஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 7 முதல் 11 வயது வரையுள்ள 222 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். எல்லோரும் எடை மிகுந்தவர்கள், விளையாட்டுப் பழக்கம் இல்லாதவர்கள். அவர்களில் நூற்றுக்கு 28 பேருக்குச் சர்க்கரை நோயின் முன்நிலை அப்போதே இருந்தது.

பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் பள்ளி விட்டதும் 20 நிமிடம் விளையாடினர். இன்னொரு பிரிவினர் 40 நிமிடம் விளையாடினர். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் இருந்தனர். ஓடிப்பிடித்தல், கயிறு தாண்டுதல், விதிகளைத் தளர்த்திய பந்தாட்டம் போன்றவையே பயிற்சி. யார் வென்றார் என்பதற்கு மதிப்பில்லை. நெஞ்சு எவ்வளவு விரைவாகத் துடித்தது என்பதற்கே பரிசு. வாரத்துக்கு 5 நாள், ஏறத்தாழ 13 வாரம். உணவில் எந்தக் கட்டுப்பாடும் விதிக்கவில்லை.

2012-இல் வெளியான முடிவு இது. விளையாடிய இரு பிரிவினருக்கும் உடல் திறன் கூடியது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருந்த கொழுப்பு குறைந்தது. இன்சுலினுக்கு உடல் காட்டிய எதிர்ப்பும் குறைந்தது. 20 நிமிடத்திற்கு ஓரளவும், 40 நிமிடத்திற்கு அதைவிடக் கூடுதலாகவும் பலன் கிடைத்தது. பட்டினி போடாமல், மருந்து கொடுக்காமல், மூன்றே மாத விளையாட்டில் இது கைகூடியது.

அதே திட்டத்தில் சேர்ந்த 171 பிள்ளைகளின் அறிவுத் திறனையும் அக்குழுவினர் சோதித்து, முடிவை 2011-இல் வெளியிட்டார்கள். விளையாட்டு நேரம் கூடக்கூட, திட்டமிட்டுச் செயல்படும் ஆற்றலும் கணிதத் தேர்ச்சியும் கூடியிருந்தன. கணக்கில் மதிப்பெண் குறைந்தால் முதலில் விளையாட்டைத்தான் நிறுத்துகிறோம். டியூஷன் நேரத்திற்காக மைதானத்து நேரத்தை விற்றுவிட்ட பெற்றோர், இந்த முடிவை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எடை மேடை சொல்லாத செய்தி

ஒரு மாதம் விளையாடவிட்டும் எடை குறையவில்லை என்று மனம் சோர்ந்து வரும் தந்தையர் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். 50 கிலோ எடையுள்ள சிறுவன் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ கலோரி செலவாகும். சர்க்கரை சேர்த்த குளிர்பானம் 300 மில்லி குடித்தால் ஏறத்தாழ 130 கிலோ கலோரி உள்ளே போகும். அதனுடன் ஒரு சமோசாவும் சேர்ந்தால் நடந்த நடை முழுவதும் ஈடாகிவிடும். உடற்கொழுப்பில் ஒரு கிலோ குறைய ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி செலவாக வேண்டும். ஆகவே, விளையாட்டினால் மட்டும் முள் விரைந்து இறங்கும் என்று எதிர்பார்ப்பது கூடாது.

முள் இறங்காவிட்டாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. தசை கூடுகிறது, கல்லீரல் கொழுப்பு குறைகிறது, இன்சுலின் எளிதாகச் செயல்படுகிறது. மேலும், அவன் வளரும் பிள்ளை. எடை ஏறாமல் நின்று உயரம் கூடினாலே பருமன் தானாகக் குறையும். அதனால் வாரந்தோறும் எடை மேடையில் நிறுத்தி வைத்து முகம் சுளிப்பதை விட்டுவிடுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை இவற்றைக் குறித்து வையுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா? தெருக்கோடி வரை போய்வர எத்தனை நிமிடம் ஆகிறது? மாடிப்படி ஏறியபின் மூச்சு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? கயிறு எத்தனை முறை தாண்டுகிறான்? இந்த நான்கும் முன்னேறினால் பிள்ளை நலமடைந்து வருகிறான் என்று பொருள்.

எடையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு நம் நாட்டவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. புனே நகரைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் அவர்களின் குழு, அப்பகுதியில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளுடன் ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. இவ்வளவு மெலிந்து பிறந்தும் நம் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை, குறைந்திருந்தது தசையே. மறு ஆண்டு யாஜ்னிக் தம்மையும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினையும் எடுத்துக்காட்டாக வைத்து ஒரு படத்தை வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 தான். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் விளையாட்டு தேவை என்பது இதனால் விளங்கும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையும் நம் பிள்ளைகளுக்கென எச்சரிக்கைக் கோட்டைச் சற்றுத் தாழ்வாகவே வரைந்திருக்கிறது.

உணவும் உறக்கமும்

பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். வளரும் உடலுக்கு அது கேடு. மறைத்து உண்ணும் பழக்கத்தையும் அது வளர்க்கும். அவனுக்கு மட்டும் தனிச் சமையல் செய்து ஒதுக்கி வைக்கவும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் மாறினால் பிள்ளையும் மாறுவான். முதலில் நிறுத்த வேண்டியது பாட்டில் பானங்களையும் சர்க்கரை மிகுந்த சர்பத்தையும். குடித்தது வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை. ஆனால் இன்சுலினை உயர்த்திக் கொழுப்பின் பூட்டை இறுக்கிவிடும். விளையாடப் போகுமுன் இனிப்புப் பானம் கொடுத்து அனுப்புவது, அடுப்பை மூட்டிவிட்டு விறகறைக்குப் பூட்டுப் போடுவதற்கு ஒப்பாகும். தண்ணீரும் மோரும் போதும்.

முட்டை, மீன், பருப்பு, சுண்டல், காய்கறி இவற்றின் பங்கு கூடட்டும். சோற்றின் அளவும் எண்ணெயில் பொரித்தவையும் குறையட்டும். பிரியாணியை யாரும் விட்டுவிடத் தேவையில்லை. விருந்து நாளின் உணவு விருந்து நாளோடு நிற்கட்டும். உறக்கமும் இதில் சேரும். 6 முதல் 13 வயது வரை இரவில் 9 முதல் 11 மணி நேரமும், 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும். கைப்பேசியோடு விழித்திருக்கும் பிள்ளைக்கு மறுநாள் பசியும் கூடும், சோர்வும் கூடும்.

சில அடையாளங்களைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால், அதை அழுக்கு என்று எண்ணித் தாய்மார்கள் நார் போட்டுத் தேய்க்கிறார்கள். அது அழுக்கல்ல, இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். உரத்த குறட்டையும் பகலில் தூக்கமும், இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டி நடத்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தலும் தீராத தாகமும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மை, வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் எடை மட்டும் கூடுதல் ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. ஏற்கெனவே இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடங்கட்டும்.

ஜமாஅத் செய்யக் கூடியது

நம் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலை எட்டரைக்கு வேனில் ஏறுகிறான். மாலை நாலரைக்கு வீடு திரும்புகிறான். ஐந்து மணிக்கு மக்தப். மஃரிபுக்குப் பின் டியூஷன். ஒன்பது மணிக்குச் சாப்பாடு, கைப்பேசி, உறக்கம். அறுபது நிமிடத்தை அவன் எங்கிருந்து எடுப்பான்? 'போய் விளையாடு' என்று சொல்கிறோம். விளையாட நேரத்தையும் இடத்தையும் நாம் விட்டு வைக்கவில்லை. பள்ளியின் நேர அட்டவணை நம் கையில் இல்லை. மக்தபின் நேரமும், மண்டபத்தின் திறவுகோலும், திருமண விருந்தின் ஒழுங்கும் நம் கையில் இருக்கின்றன. எனவே நிர்வாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: மக்தப் தொடங்கும் நேரத்தை வாரத்தில் நான்கு நாட்களுக்கேனும் 40 நிமிடம் தள்ளி வைத்து, அந்த நேரத்தைப் பள்ளிவாசலை அடுத்த காலியிடத்தில் விளையாட்டுக்கு ஒதுக்க வேண்டும். நம் இளைஞர்கள் இருவர் பொறுப்பேற்றால் போதும். கபடி, கிளித்தட்டு, கோகோ, கயிறு தாண்டுதல் ஆகியவற்றுக்குப் பெரும் செலவில்லை. எடுத்த எடுப்பிலேயே போட்டியும் கோப்பையும் வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் நாற்பது நிமிடமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆட்டமிழந்தவன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் விளையாட்டாக இருக்கக் கூடாது. பருமனான பிள்ளையே முதலில் ஆட்டமிழப்பான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு: பெண் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு வயதானதும் அவர்களுடைய ஓட்டம் நின்றுபோகிறது. பாண்டியும் நொண்டியும் ஆடிய பிள்ளைகள் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள். உடல் கொழுப்பைச் சேர்க்கும் பருவமும் அதுவே. நாளைய தாய்மார்கள் அவர்கள். அவர்களுடைய உடல்நலம் பிறக்கப் போகும் குழந்தையின் உடல்நலத்தையும் வகுக்கிறது. திருமணம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை மாலையில் ஒரு மணி நேரம் பெண்களின் பொறுப்பில் பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால், மறைவுக்கும் குறைவில்லை, விளையாட்டுக்கும் குறைவில்லை. தாய்மார்களும் உடன் நடக்கலாம்.

மூன்று: மண்டபத்தில் நடக்கும் விருந்துகளில் பிள்ளைகளின் பந்தியில் பாட்டில் பானங்களை நிறுத்திவிட்டுத் தண்ணீரும் மோரும் வைக்க ஒரு தீர்மானம். விருந்தளிப்பவருக்குச் செலவு குறையும் தீர்மானம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இவற்றோடு ஒரு வேண்டுகோள் நம் ஒவ்வொருவரின் நாவுக்கும் உரியது. 'குண்டு', 'பூசணி' என்று பிள்ளைகளை அழைப்பதை இன்றோடு விட்டுவிடுவோம். கேலிக்கு ஆளான பிள்ளை மைதானத்திலிருந்து முதலில் விலகுகிறான். பிறகு தனிமையில் உணவைத் துணை சேர்க்கிறான். அன்போடு கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் பிள்ளையே நாளையும் வருவான்.

அகஸ்டா நகரத்தார் அந்தப் பலனைக் காட்ட 13 வாரம் ஆயிற்று. நம் ஊரில் அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் இந்த 40 நிமிடத்தைத் தொடங்கிவிட்டால், அடுத்த ஆண்டறிக்கையில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை முறை கயிறு தாண்டினார்கள் என்ற கணக்கையும் ஒரு பக்கத்தில் அச்சிடலாம். வரவு செலவுக் கணக்கைவிட அந்தப் பக்கத்தைப் பெற்றோர் ஆவலோடு புரட்டுவார்கள்.